கொரில்லா டேக்கில் சுவர் ஏறப் போனால் பின்னால் தூக்கி எறிகிறதே, ஏன்?

கொரில்லா டேக் என்பது கண்ணை மூடும் வி.ஆர். ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, இரு கையிலும் கன்ட்ரோலர் பிடித்து, கொரில்லாவாக ஓடி ஏறி ஆடும் விளையாட்டு. கேட்டவருக்கு மதுரையில் 10க்கு 10 அறை, தலைக்கு மேலே ஃபேன். தரையில் நன்றாக ஓட வருகிறதாம். சுவரைத் தொட்டால் மட்டும் மல்லாக்க விழுகிறாராம்.

சுவரை அறைகிறீர்கள், அதுதான் கோளாறு. இந்த விளையாட்டில் நகர்வதற்கு பட்டனும் இல்லை, காலும் இல்லை. கை ஒரு பரப்பைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு நிஜக் கை எந்தப் பக்கம் போகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பு நகரும். தொட்டபின் கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் போனது என்பதுதான் கணக்கு. கடைசிச் சில ஃபிரேம்களின் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களின்) சராசரி வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் தாவலாக மாறும். சுவரை நோக்கி ஓங்கி அறைந்தால், தாவல் பின்பக்கமாகத்தானே வரும்?

முகத்துக்கு நேரே உள்ளங்கையை வையுங்கள். கை விலகாத அளவுக்கு லேசாக அழுத்தி, கீழ்நோக்கி ஒரு முழம் இழுங்கள். நெஞ்சளவு வந்ததும் அடுத்த கை மேலே ஒட்டியிருக்க வேண்டும். தாமதித்தால் உடம்பு இறங்க ஆரம்பித்துவிடும். இழுப்பின் கடைசிச் சாணில்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். பலர் தொடக்கத்திலேயே கூட்டிவிட்டு முடிவில் தளர்கிறார்கள், ஏற்றம் பாதியில் நிற்கிறது. இடுப்புக்குக் கீழே இழுக்கவும் கூடாது. கன்ட்ரோலரில் உள்ள அகச்சிவப்பு விளக்குகளை ஹெட்செட் கேமராக்கள் பார்த்துத்தான் கையின் இடத்தை அறிகின்றன. கை மறைந்தால் பிடி நழுவும்.

தூணோ சுவர் முனையோ கிடைத்தால் வேலை சுலபம். இரண்டு பக்கமும் உள்ளங்கை வைத்து இடுக்கிப் பிடியுங்கள். இரு கையும் தொடும்போது இரண்டின் அசைவையும் விளையாட்டு சராசரி எடுக்கும். எதிரெதிர் அழுத்தம் ஒன்றையொன்று தின்றுவிட, கீழ் இழுப்பு மட்டும் மிஞ்சும். அதனால் பின்னால் எறியாது. நாயக்கர் மகால் தூண் பருமன் ஆகாது, இரு கைக்குள் அடங்க வேண்டும். பனிக்கட்டிப் பரப்பு வழுக்கும், பழகும்வரை அதை விட்டுவிடுங்கள்.

இனி, நீங்கள் ஆடுகிற அறையின் விஷயம். ஃபேனுக்கு நேர் கீழே நின்று ஆடவே ஆடாதீர்கள். கைப்பிடி இல்லாத முக்காலியில் உட்கார்ந்து ஆடலாம், தாராளமாக வரும். நின்றுதான் ஆடுவேன் என்றால், வழுக்காத ரப்பர் மிதியடி ஒன்றை நடுவில் போட்டு வெறுங்காலில் நில்லுங்கள். கால் மிதியடியை விட்டு இறங்கியதுமே நகர்ந்துவிட்டோம் என்று தெரியும். கோரைப்பாய் மொசைக் தரையில் சறுக்கும். ஸ்டாண்டு ஃபேனை எட்டாத தூரத்தில் முன்னால் வைத்தால் வியர்வையும் குறையும், காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்துத் திசையும் புரியும். மணிக்கட்டு வாரைப் போடாமல் தொடங்கினால், வியர்த்த கையிலிருந்து கன்ட்ரோலர் நேரே டிவிக்குப் போகும்.

இடம் போதவில்லை என்று மொட்டை மாடிக்குப் போகிற யோசனை வேண்டாம். கைப்பிடிச் சுவர் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்று. மதுரை வெயில் ஹெட்செட்டின் லென்சுக்குள் நேராக விழுந்தால் உள்ளேயிருக்கும் திரை பொட்டுப் பொட்டாகக் கருகிவிடும், அதைச் சரிசெய்யவும் முடியாது.