தோட்டத்துத் துரைதான் தகப்பன் என்றால், அவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: என் தாத்தாவின் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று வீட்டில் சொல்வார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. இனி அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. எங்கள் வீட்டில் கண்டுபிடித்தோம். நான்கு வருஷம் ஆனது. அதில் முதல் வருஷம் முழுக்க வீண். ஏன் வீணானது என்பதிலிருந்தே சொல்கிறேன், உங்களுக்கு அந்த ஒரு வருஷமாவது மிஞ்சட்டும்.

என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், 1911-இல் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். பூனைக்கண். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரும் அதைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே பேசியதில்லை, முதுகுக்குப் பின்னால் பேசாமல் இருந்ததும் இல்லை. மஸ்கெலியா பக்கம் ஒரு பெரிய தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரைதான் தகப்பன் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. நானும் அதை நம்பி அந்தத் துரையின் பின்னாலேயே அலைந்தேன். பிறந்த ஊர், பெண்டாட்டி, பிள்ளைகள், உயில் எல்லாம் தேடி எடுத்தேன். அவருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

திருப்பம் வந்தது வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து. இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் 1972-இல் கோத்தகிரிக்கு வந்தது. வரும்போது கொண்டுவந்த காகிதங்களில், சிலோன் பிரஜாவுரிமை கேட்டு 1949-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் போட்ட விண்ணப்பத்தின் நகல் ஒன்று இருந்தது. அந்தச் சட்டப்படி 1946-க்கு முன்னால் இத்தனை வருஷம் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். அதனால் கையில் கிடைத்த அத்தாட்சியையெல்லாம் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் அம்மாயியின் பிறப்புச் சான்றிதழ்.

அதில் தாயின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே ஒரு கோடு. எழுதியவர் பேனாவை அழுத்தி இழுத்திருக்கிறார், கோட்டின் முடிவில் மை ஊறிப் பரவியிருந்தது. பெற்றோர் மணம் முடித்தவர்களா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. ஆனால் அம்மாயி பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டேன். மஸ்கெலியா இல்லை. டிக்கோயாவில் வேறொரு தோட்டம். மஸ்கெலியாவுக்கு அவர்கள் பின்னால்தான் போயிருக்கிறார்கள். பேச்சு, அங்கே இருந்த துரையின் தலையில் ஏறிக்கொண்டது.

நான் முதலில் தேடியிருக்க வேண்டியது துரையை இல்லை, அம்மாயியின் தாயான என் பூட்டியை. அவள் எந்த வருஷம், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தாள் என்பது தெரிந்தால் தகப்பனாக இருக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடுவார்கள். நீங்களும் உங்கள் பூட்டனாரின் தாயிடமிருந்து தொடங்குங்கள்.

அந்தக் கோட்டைப் பற்றி இன்னொன்று. கலியாணமாகாத தாயின் பிள்ளையைப் பதியும்போது, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் தகப்பன் பெயரை எழுதலாம் என்பது அங்கே பதிவுச் சட்டம். ஆகவே கட்டம் காலி என்றால் தாய்க்குத் தகப்பன் யாரென்று தெரியாது என்று அர்த்தம் ஆகாது. அவள் சொன்னாலும் எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுபது வருஷம் அந்தக் கோட்டை அவளுடைய குற்றமாகப் படித்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சரி, இடமும் மாதமும் கிடைத்தாயிற்று. பிறந்தது மார்ச் 1911. 38 வாரம் பின்னால் போனால் 1910 ஜூன் வாக்கு. அந்தச் சமயத்தில் அந்தத் தோட்டத்தில் யார் யார் துரையாக இருந்தார்கள்? இதற்கு ஃபெர்குசன் சிலோன் டைரக்டரி என்று கொழும்பில் வெளியான தடிமனான புத்தகங்கள் இருக்கின்றன. தோட்டம் தோட்டமாக ஏக்கர் கணக்கு, சொந்தக்காரர், துரை பெயர் எல்லாம் வரும். தோட்டக்காரர்களின் அகரவரிசைப் பட்டியலும் உண்டு, பெரியதுரைக்குக் கீழே வேலை பார்த்த சின்னத்துரைகள் அதில் அகப்படுவார்கள். பெரியதுரையோடு நிறுத்திவிடாதீர்கள். சின்னத்துரைமார் பெரும்பாலும் இருபது வயசைத் தாண்டிய கலியாணமாகாத பையன்கள். எங்களுக்கு அந்தத் தோட்டத்தில் மூன்று பெயர் கிடைத்தது.

இதற்கு மேல் காகிதம் பேசாது, டிஎன்ஏதான். லண்டனில் இருக்கும் தங்கை சோதனை கிட் வாங்கி வந்தாள். என்னை விட அம்மாவைச் சோதிப்பதுதான் முறை. துரை எனக்குப் பூட்டன், என்னிடம் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும், அம்மாவிடம் நாலில் ஒரு பங்கு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டுக் குழாயில் எச்சில் துப்ப வேண்டும். வாய் வறண்டு வரவே இல்லை. தங்கை கன்னத்தை நீவி விட்டுக்கொண்டே, எலுமிச்சங்காயை நினைச்சுக்கோம்மா என்றாள். கோடு வரை நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனது. “எங்கம்மா இருந்திருந்தா சம்மதிச்சிருக்குமா?” என்று மட்டும் அம்மா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

முடிவில் 24 சதவீதம் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. நம் ஆட்கள் இந்தச் சோதனை செய்துகொள்வது குறைவு, வெள்ளைக்காரர்கள் நிறையச் செய்கிறார்கள். அதனால், டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்கள் என்று சோதனை நிறுவனம் தரும் உறவுப் பட்டியலில் வருபவர்களில் பெரும்பாலோர் துரை வழி உறவாகத்தான் இருப்பார்கள், தாய் வழி தந்தை வழி என்று பிரித்தெடுக்கும் கஷ்டம் இல்லை. பட்டியலில் வரும் தமிழர்களைப் பார்க்கும்போது ஜாக்கிரதை. அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள் நாம், பொதுவாக இருக்கும் டிஎன்ஏ அளவு உறவை இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டிவிடும்.

அம்மாவின் பட்டியலில் முதலில் வந்தவர் 214 சென்டிமார்கன் (பொதுவாக இருக்கும் டிஎன்ஏவின் அளவு, கூடக்கூட உறவு நெருக்கம்), ஒரு பெண்மணி. அடுத்து அறுபது, எழுபது அளவில் சிலர். அவர்கள் குடும்ப மரங்களைப் பார்த்து நாமே கட்டி மேலே போக வேண்டும். ஸ்காட்லாந்தில் 1855 முதல் அரசுப் பதிவு உண்டு, அங்கே பிறப்புப் பதிவிலேயே பெரும்பாலும் பெற்றோர் கலியாணம் நடந்த இடமும் தேதியும் இருக்கும் என்பதால் ஒன்றைப் பிடித்து ஒன்று ஏறலாம். சிலர் ஒரு குடும்பத்தில் போய் நின்றார்கள், சிலர் வேறொரு குடும்பத்தில். இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டது அபர்தீன் பக்கம் ஒரே ஒரு கலியாணத்தில். அந்தத் தம்பதியின் மகன்களில் ஒருவர்தான் ஆள். எங்கள் மூன்று பெயர்களில் ஒன்று அந்தக் குடும்பப் பெயர்!

ஆனால் சிலோனுக்கு வந்த மகன்கள் இரண்டு பேர். அண்ணனா தம்பியா என்று எங்கள் கையிலிருந்த எண்கள் சொல்லவில்லை, 214 இரண்டு பேருக்குமே பொருந்தும். டைரக்டரியில் பெயரின் முதலெழுத்தும் இருவருக்கும் ஒன்று. கடைசியில் தீர்த்துவைத்தது கப்பல் பட்டியல். பிரிட்டனிலிருந்து கப்பலேறியவர்களின் பட்டியல் 1890 முதல் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்திலும் தேடலாம். அண்ணன் ஏறியது 1908-இல். தம்பி 1913-இல்தான் முதல் தடவை வருகிறார், அப்போது அம்மாயிக்கு இரண்டு வயசு.

அண்ணன், 1914 அக்டோபரில் கொழும்பிலிருந்து எகிப்துக்குப் போன தோட்டக்காரர் ரைஃபிள் படையோடு போயிருக்கிறார். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியானார். துருக்கியில் கலிப்பொலி போர்முனையில் இறந்தார். அங்கே ஹெல்லஸ் நினைவுச்சின்னத்தில் உள்ள 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. கலியாணம் ஆகவில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கில் அவருக்குச் சந்ததி இல்லை.

214-க்கு உரிய அந்தப் பெண்மணி தம்பியின் பேத்தி. அவருக்கு எழுதியபோது துரை, தோட்டம், கூலிப்பெண் எதையும் முதல் கடிதத்தில் சொல்லவில்லை. நாம் உறவென்று காட்டுகிறது, என் அம்மாவின் குடும்பம் இலங்கையில் இருந்தது, உங்கள் வீட்டில் யாராவது அங்கே இருந்தார்களா என்று நாலு வரி. ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒரு போட்டோவோடு. அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பங்களாப் படியில் நிற்கிறார். கறுப்பு வெள்ளைப் படம், கண் நிறம் தெரியவில்லை.

உங்களுக்கு ஒரு சௌகரியம் கூடுதல். தாத்தாவின் அப்பா என்பதால் தாத்தா வரை ஆண் வழி அறுபடாமல் வருகிறது. சாதாரணச் சோதனையோடு, தாத்தாவுக்கோ அவர் மகன் வழி ஆண் ஒருவருக்கோ, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனையும் செய்யுங்கள், துரையின் குடும்பப் பெயருக்கே துப்புக் கிடைக்கலாம். தாத்தாவோ அவருடன் பிறந்தவர்களோ இருந்தால் அவர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

அப்புறம், என்ன நடந்தது என்று இந்தக் காகிதங்கள் சொல்லாது. பெயர் கிடைத்ததும் உறவினர் சிலர் காதல் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், பெயர் கொடுக்கவும் வெட்டவும் அதிகாரம் உள்ளவன் அவன், அன்றாடம் கொழுந்துக் கூடையோடு நிற்பவள் இவள். அவள் முடியாது என்று சொல்லியிருக்க வழி இருந்ததா என்று தெரியாமல் நான் அதற்குக் காதல் என்று பெயர் வைக்க மாட்டேன்.

அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “அந்த ஆள் சரி. எங்கம்மாயி எந்த ஊர்லருந்து போச்சு?” என்றார். துறையூர்ப் பக்கம் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.