மூன்று முறை பழுதான சப்வூஃபர்: ரிப்பேரா, புதிதா?

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் ரூ.24,000 கொடுத்து 10 அங்குல பவர்டு சப்வூஃபர் (ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும் பாஸ் ஸ்பீக்கர்) வாங்கினேன். வாரண்டி ஒரு வருடம். நான்காவது மாதமே ‘ம்ம்ம்’ என்று இரைய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்றினார்கள். ஏழாவது மாதம் மறுபடி அதே இரைச்சல், கெப்பாசிட்டர் மாற்றினார்கள். இப்போது மூன்றாவது தடவை. “வோல்டேஜ் பிரச்சினை, வாரண்டியில் வராது, ரூ.6,200 கட்டினால் போர்டு மாற்றித் தருகிறோம்” என்கிறார்கள். கட்டிவிடலாமா, புதிது கேட்கலாமா? பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கவும் வேண்டாம். சீல் உடைந்தால் மொத்தப் பழியும் உங்கள் மேல் விழும்.

முதலில் பழுது பெட்டிக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பவரை அணைத்து, சப்வூஃபருக்கு வரும் சிக்னல் கேபிளைக் கழற்றிவிட்டு, மறுபடி பவரைப் போடுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில்தான். அதை வீடியோ எடுங்கள். கழற்றிய கேபிளும், பெட்டியின் சீரியல் எண்ணும், ஒலியும் ஒரே பதிவில் இருக்கட்டும். கேபிளைக் கழற்றியதும் அடங்கிவிட்டால், கேபிளை மாட்டி, செட்டாப் பாக்ஸுக்கு வரும் டிஷ் அல்லது கேபிள் டிவி வயரை மட்டும் உருவிப் பாருங்கள். அதில் நின்றுபோனால் அது எர்த் லூப், அதாவது இரண்டு வழியில் எர்த் சேர்வதால் வரும் இரைச்சல். அப்படியென்றால் பொருளில் குறையில்லை, வழக்கும் நிற்காது. இதைப் பார்க்காமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கூடாது.

அடுத்தது ‘வோல்டேஜ்’ என்ற வாதம். பவர்டு சப்வூஃபரில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்பலகையிலேயே இருக்கிறது. சூடு வெளியேற வழி குறைவு, அதிர்வோ ஓயாது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர் அங்கே உலர்ந்து போவது உண்டு. சாலிடர் விட்டுப்போவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் அது தயாரிப்பின் குறை. மின்சாரம் திடீரென எகிறித்தான் அடித்தது என்றால் அடையாளம் வேறு இடத்தில் தெரியும். மெயின்ஸ் வயர் போர்டில் நுழையும் இடத்தில் ஃபியூஸும், பல போர்டுகளில் மிகை வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும், வட்ட வில்லை போன்ற வேரிஸ்டரும் இருக்கும். பெரிய சர்ஜ் என்றால் பெரும்பாலும் ஃபியூஸ் போயிருக்கும், வில்லை கருகியோ வெடித்தோ இருக்கும். டெக்னீஷியனை உங்கள் முன்னிலையில் திறக்கச் சொல்லி அந்த இடத்தைப் படம் எடுங்கள். இரண்டும் முழுசாக இருந்தால் அவர்கள் வாதம் பலவீனம். எப்படி வோல்டேஜ் என்று கண்டுபிடித்தார்கள் என்பதை ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதற்குக் கையெழுத்துக் கேட்டால், “இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை” என்று உங்கள் கையால் எழுதி, அதன்கீழ் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 39-இன் கீழ் குறையை நீக்கித் தரவும், புதிய பொருள் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் முதல் பழுதுக்கே புதுசு கிடைத்துவிடாது. வாரண்டியில் ‘பாகத்தைச் சரிசெய்யலாம் அல்லது மாற்றலாம்’ என்று இருந்தால், கடமை அந்தப் பாகத்தோடு நிற்கும் என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்குக் கைகொடுப்பது ஒரே குறை மூன்று முறை திரும்பி வந்ததுதான். அதனால் பழைய இரண்டு ஜாப் ஷீட்டும் தங்கம். ‘செக் செய்து சரிசெய்யப்பட்டது’ என்று மொட்டையாக இருந்தால், எந்தப் பாகம் மாற்றினார்கள், தேதி என்ன என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ஆய்வகப் பரிசோதனைக்குப் பிரிவு 38-இல் வழியுண்டு, ஆனால் அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். 24,000 ரூபாய் பொருளுக்கு ஜாப் ஷீட்டால் நிரூபிப்பதே கட்டுப்படி ஆகும்.

வாரண்டி முடிய இரண்டே மாதம் இருக்கிறது. இந்த வாரமே கடைக்கும் நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். வாரண்டி காலத்துக்குள் புகார் தந்ததற்கு அந்தத் தேதி சாட்சி. 15 நாள் அவகாசம் கொடுத்து, புதிய சப்வூஃபர் அல்லது ரூ.24,000, அதுவும் இல்லையென்றால் இலவசப் பழுதுநீக்கமும் கூடுதல் வாரண்டியும் என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் பதியலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. முதல் இரைச்சல் கேட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

அவசரத்துக்கு ரூ.6,200 கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். ஜிஎஸ்டி பில்லோடு, கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். ‘வேறு பெட்டி தருகிறோம்’ என்று இறங்கி வந்தால், அது புதியதா, புதுப்பித்ததா, சீரியல் எண் என்ன, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வந்த பிறகே பழையதை ஒப்படையுங்கள்.