முதல் இரவுக் கடமைக்கு முன்

கேள்வி: கொழும்பிலுள்ள வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையாற்றுகிறேன். உள்ளகப் பயிற்சியை முடித்து அடுத்த மாதம் வரவிருக்கும் எட்டு வைத்தியர்களுக்கு இரண்டு நாள் அறிமுகப் பயிற்சியைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. கடந்த முறை இரண்டு நாளும் விரிவுரைகளிலேயே கழிந்தன. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: விரிவுரைகளைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். வருபவர்களுக்கு மாரடைப்பைப் பற்றித் தெரியும். உங்கள் ஈசிஜி இயந்திரம் எந்த மூலையில் நிற்கிறது, தாள் முடிந்தால் எந்த அலுமாரியைத் திறப்பது, அதிகாலை இரண்டு மணிக்குப் பதிவை யாரிடம் காட்டுவது என்பவைதான் தெரியாது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி, இவை தெரியாதவரிடம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எனவே முதல் நாள் காலையிலேயே அவர்களைப் பிரிவுக்குள் அழைத்துச் செல்லுங்கள். அட்ரினலின் மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடும் ஒவ்வாமையில் வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் ஏற்றுகிறோம். இதயம் நின்றவருக்கு 1 மில்லிகிராம் நாளத்தினூடாக. திரையில் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரை நோயாளியாகக் கட்டிலில் படுக்கவைத்து, குப்பியைத் தேடியெடுத்து, உடைத்து, ஊசிக்குழாயில் இழுத்து, அளவை உரத்துச் சொல்லச் சொன்னால், யாருடைய கை தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். மருந்து நோயாளிக்கு ஏற்றப்படாத வரையில் அந்தத் தடுமாற்றம் நல்லதே. தாதிய உத்தியோகத்தர்களும் அப்பயிற்சியில் நிற்கட்டும். இரவில் கைகொடுக்கப்போவது அவர்கள்தாம்.

மொழியையும் மறந்துவிடாதீர்கள். தமிழ் வைத்தியருக்குச் சிங்களத்தில் 'பப்புவே கெக்கும' (நெஞ்சு நோகுது) என்பதும், சிங்கள வைத்தியருக்கு 'நெஞ்சு நோகுது' என்பதும் விளங்கினால் மட்டும் போதாது. 'கேஸ்ட்ரைட்டிஸ்தான் டொக்டர்' (இரைப்பை அழற்சி) என்று வயிற்றைத் தடவிக்கொண்டு வருபவருக்கும் மாரடைப்பு இருக்கலாம் என்ற ஐயம் எழ வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மூத்தவரை எப்போது அழைப்பது என்பது. என் தொடக்க நாள்களில், ஏச்சு வாங்க நேருமே என்று தொலைபேசியை எடுக்காமல் அரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். நோயாளி பிழைத்தது என் திறமையால் அல்ல. 'சந்தேகம் இருந்தால் அழையுங்கள்' என்பது பயந்தவருக்கு உதவாது. சிஸ்டொலிக் (மேல் அளவு) இரத்த அழுத்தம் 90க்குக் கீழ், புதிதாக மயங்கும் நோயாளி, இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தவர் என்று, கட்டாயம் அழைக்க வேண்டிய நிலைமைகளை எழுதி, தொலைபேசிக்கு மேலே ஒட்டுங்கள். அழைத்ததற்காக எவரையும் கடிந்துகொள்வதில்லை என்று மூத்தவர்களிடமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். பயிற்சியில் கடினமான பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

விடுமுறை, கடமைப் பட்டியல் முதலியவற்றுக்கு ஒரு தாள் போதும். இரண்டாம் நாள் பிற்பகலை மட்டும் இப்போது நடத்தாமல் இரண்டு கிழமைகள் தள்ளிவையுங்கள். நாலைந்து இரவுகளைக் கடந்தபின் கேள்விகளை அவர்களே கொண்டுவருவார்கள்.