தொடுவானத்தில் தலை நீட்டியவர்

அன்புள்ள ஐயா,

வானம் தரையைத் தொடும் இடத்தில் தவழ்ந்து சென்ற ஒருவர், வான்கூரைக்கு வெளியே தலையை நீட்டி, அப்பால் இருக்கும் சக்கரங்களையும் ஒளிவட்டங்களையும் பார்க்கும் படத்தைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். இடைக்கால ஐரோப்பியர் உலகைத் தட்டை என்று நம்பியதற்குச் சான்றான பதினாறாம் நூற்றாண்டுப் படம் என்று படித்திருக்கிறேன். நண்பரோ, அது ஒரு பழைய வானிலை நூலில் வந்தது என்கிறார். எது சரி? அந்த நூலை வாங்கவும் ஆசை.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வதே சரி. பிரெஞ்சு வானியலாளர் கமீல் ஃபிளமாரியோன் எழுதி, பாரிஸின் ஆஷெத் பதிப்பகம் 1888இல் வெளியிட்ட ‘வளிமண்டலம்’ என்ற வானிலையியல் நூலின் 163ஆம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதற்கு முந்தைய அச்சு எதிலும் அது அகப்படவில்லை.

ஏமாந்தவர்களில் அறிஞர்களும் உண்டு. வானியல் வரலாற்றில் தேர்ந்த எர்ன்ஸ்ட் ட்சின்னரே 1957இல் அதை ஜெர்மானிய மறுமலர்ச்சிக் காலத்தது என்று கருதினார். 1973இல்தான் புரூனோ வெபர், ஆர்தர் பியர் ஆகிய இருவரும் தனித்தனியே தேடி, ஃபிளமாரியோனின் நூலை வந்தடைந்தார்கள். படத்தின் கோடுகளே காலத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்பது வெபரின் வாதம். மரத்தில் படத்தைச் செதுக்கி அச்சிடும் பழைய மரச்செதுக்கில் பலகையின் இழைப்போக்கில் கத்தியால் வெட்டுவார்கள். இதுவோ, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய முறைப்படி, மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணுளியால் கீறியது. ஃபிளமாரியோன் சிறுவயதில் செதுக்குக் கலைஞரிடம் தொழில் பயின்றவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வானிலை நூலில் இந்தப் படத்துக்கு என்ன வேலை என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. அந்தப் பகுதி வானத்தின் தோற்றத்தைப் பற்றியது. வானம் முழு அரைக்கோளமாகக்கூட நமக்குத் தெரிவதில்லை. தலைக்கு மேலே தாழ்ந்து, அடிவானத்தை நோக்கி விலகிச் செல்லும் தட்டையான கவிப்பாகவே தெரிகிறது. அப்படி ஒரு கூரையே இல்லை, காற்றில் சிதறும் ஒளியே நீலமாகத் தெரிகிறது என்று விளக்கும் இடத்தில், விண்ணும் மண்ணும் சேரும் இடத்தைக் கண்டுவிட்டதாகச் சொன்ன இடைக்கால மதபோதகரின் கதையை ஆசிரியர் புன்னகையோடு சேர்க்கிறார். படத்தின் அடிக்குறிப்பும் அதையே சொல்கிறது. நாமும் ‘தொடுவானம்’ என்றுதானே சொல்கிறோம். அந்த மதபோதகர் நம் சொல்லை அப்படியே நம்பிவிட்டவர், அவ்வளவுதான். அடிக்குறிப்பை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப் போட்டவர்களால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேலி இடைக்காலத்தின் வாக்குமூலமாகிவிட்டது. உண்மையில் இடைக்காலக் கல்வியாளர்கள் பூமியை உருண்டை என்றே அறிந்திருந்தார்கள்; பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் எழுதிய ‘கோளம்’ என்ற வானியல் நூலே அவர்களுடைய பாடநூல்.

வாங்குவதானால் முகப்பில் ஆண்டைப் பாருங்கள். 1872 பதிப்பிலும், ஜேம்ஸ் கிளெய்ஷர் பதிப்பாசிரியராக இருந்து 1873இல் லண்டனில் வந்த ஆங்கில வடிவத்திலும் இந்தப் படம் கிடையாது. (கிளெய்ஷர் 1862இல் பலூனில் ஏறி, உயரத்தில் நினைவிழந்தவர், உடன் சென்ற காக்ஸ்வெல், குளிரில் கை மரத்துப்போனதால் வால்வுக் கயிற்றைப் பல்லால் இழுத்து இருவரையும் கீழே கொண்டுவந்தார்.) வண்ணத்தில் தனித்தாளாக, ‘அந்த நூலிலிருந்து எடுத்தது’ என்று யாரேனும் விற்றால் வாங்காதீர்கள், 1888இல் அச்சானது கறுப்பு வெள்ளையில்தான்.