6 வோல்ட் காரை 12-க்கு மாற்றலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் 1951 செவர்லேயில் ஹெட்லைட் மஞ்சளாக மினுக்குகிறது. காலையில் செல்ஃப் முக்கி முனகித்தான் சுற்றுகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா? (மதுரை வாசகர்)

பதில்: மாற்றலாம். அதற்கு முன் மல்ட்டிமீட்டரோடு அரை மணி நேரம் வண்டியருகே உட்காருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் காரணம் ஒயரும் எர்த்தும் (பாட்டரியை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு)தான், 6 வோல்ட் அல்ல.

45 வாட் பல்ப் இரண்டு எரிய 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓட வேண்டும், 12-ல் 7.5 போதும். மின்னோட்டம் இரட்டிப்பாக இருப்பதால் துருவும் தேய்ந்த ஸ்விட்சும் தின்னும் வோல்ட்டும் இரட்டிப்பு. வழியில் அரை வோல்ட் தொலைந்தாலே பல்ப் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். வோல்ட் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பாட்டரி முனைகளில் ஒரு முறை, பல்ப் ஹோல்டரில் ஒரு முறை அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்விட்ச், ஃபியூஸ், எர்த் என்று ஒவ்வோர் இணைப்பாகத் தேடிப் போங்கள். ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட்டு, 4 சதுர மி.மீ. ஒயரில் பல்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். ரிலேயும் 6 வோல்ட் ரிலேயாக இருக்க வேண்டும்.

செல்ஃபுக்கு வருவோம். இந்த வண்டிகள் பலவற்றில் யாரோ ஒருவர் இடையில் இன்றைய காரின் பாட்டரி கேபிளை மாட்டியிருப்பார். அது 25 சதுர மி.மீ. இருக்கும். 6 வோல்ட் செல்ஃபுக்கு 50, முடிந்தால் 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வேண்டும். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்ற இரும்பின் மேல் லக்கை (கேபிள் முனை வளையத்தை) இறுக்குங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் பின்னல் எர்த் பட்டை தனியாக ஒன்று போடுங்கள். செல்ஃப் சுற்றும்போது பாட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் 1953-லும், செவர்லே 1955-லும் 12 வோல்ட்டுக்குப் போனதற்குப் பெரிய காரணம், அழுத்தம் கூடிய வி8 எஞ்சின்களைச் சுழற்ற வேண்டியிருந்ததுதான். உங்கள் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு அந்தச் சுமை இல்லை. இத்தனையும் செய்த பிறகும் ஊரில் 6 வோல்ட் பாட்டரி கிடைக்கவில்லை, ஹாலஜன் விளக்கோ மின்விசிறியோ வேண்டும் என்றால் அப்போது மாற்றுங்கள்.

கேள்வி: மோரிஸ் 8-ஐ 12 வோல்ட்டாக்க முடிவு செய்துவிட்டேன். எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை விட்டுவிடலாம்? (கோவை வாசகர்)

பதில்: ஒயரிங்கை விட்டுவிடலாம். அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும் என்பதால் பழைய ஒயர் தாராளமாகத் தாங்கும். துணி உறை பொடிந்து உதிர்ந்தால் மட்டும் மாற்றுங்கள். ஆனால் ஃபியூஸைப் பாதி ஆம்பியருக்குக் குறைக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், கண்டென்சர், பிளக் எதையும் தொட வேண்டாம்.

இக்னிஷன் காயிலை மாற்றியே ஆக வேண்டும். 6 வோல்ட் காயிலின் பிரைமரி சுமார் 1.5 ஓம். அதில் 12 வோல்ட் கொடுத்தால் பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். பிரைமரி 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயிலைப் போடுங்கள். பழைய காயிலே வேண்டுமென்றால் 1.5 ஓம் பாலஸ்ட் ரெசிஸ்டரைத் தொடரில் சேருங்கள்.

எஸ்.யு. மின்சாரப் பெட்ரோல் பம்ப் 12 வோல்ட்டிலும் டக்டக்கென்று அடிக்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். சுருள் சூடாகி, பாயிண்ட் எரிந்து, நடுவழியில் நின்றுவிடும். 12 வோல்ட் சுருள் பகுதியை மட்டும் வாங்கி மாற்றலாம்.

பக்கவாட்டில் நீளும் கை காட்டி இண்டிகேட்டரின் சுருளை நல்ல வைண்டிங் கடையில் கொடுங்கள். கணக்கு எளிது: கம்பியின் விட்டத்தை 1.41-ஆல் வகுங்கள், சுற்றுகளை இரட்டிப்பாக்குங்கள். அதே இடத்தில் அடங்கும், அதே இழுவிசை இருக்கும், சூடும் கூடாது. டைனமோவின் ஃபீல்ட் காயிலுக்கும் இதே கணக்கு. ஆர்மேச்சர் பழையதே இருந்தால் சார்ஜ் தொடங்கும் வேகம் கூடிவிடும். ஐட்லிங்கில் ஆம்மீட்டர் மைனஸில் நிற்கும். அதனால் 12 வோல்ட் லூகாஸ் சி40 டைனமோவும் ஆர்பி106 ரெகுலேட்டரும் கிடைத்தால் அவற்றைப் போடுவதே மேல். பிராக்கெட், புல்லி, பெல்ட் வரிசை பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

டைனமோவை மாட்டியதும் அதற்குப் போலாரிட்டி (பாசிட்டிவ், நெகட்டிவ் திசை) ஏற்ற வேண்டும். லூகாஸ் டைனமோவானால் எஃப், டி ஒயர்களைக் கழற்றி, பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் இரண்டு மூன்று முறை உரசி எடுங்கள். இதை விட்டால் டைனமோ தலைகீழ் வோல்ட்டைத் தந்து, அதை பாட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். மற்ற கம்பெனி டைனமோக்களுக்கு முறை வேறு.

கேள்வி: 6 வோல்ட் செல்ஃபை 12 வோல்ட்டில் ஓட்டினால் எரிந்துவிடாதா? என்னுடையது பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில். (கொழும்பு வாசகர்)

பதில்: சில விநாடிகளுக்கு எரியாது. ஆனால் மிக வேகமாகச் சுற்றி, பினியன் (செல்ஃபின் சின்னப் பல்சக்கரம்) ரிங் கியரில் (ஃப்ளைவீல் விளிம்பில் உள்ள பல்சக்கரம்) ஓங்கி அடிக்கும். பல் தேய்வது அதனால்தான். ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அரை நிமிடம் ஆற விடுங்கள். எஞ்சின் ட்யூனிங்கில் கோளாறு இருந்து நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் அப்போது எரியும். செல்ஃபுக்கு மின்சாரம் தரும் காந்த ஸ்விட்சான சாலினாய்டை மட்டும் 12 வோல்ட்டாக மாற்றுங்கள். பழைய சுருளில் நான்கு மடங்கு சூடு ஏறும்.

பீட்டிலில் 6 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 109 பல், 12 வோல்ட்டுக்கு 130. எனவே 12 வோல்ட் செல்ஃபை மட்டும் வாங்கி மாட்டினால் பல் சேராது. பெரிய ஃப்ளைவீல் போட வேண்டுமென்றால் கியர்பாக்ஸ் கூட்டின் உட்புறத்தைச் செதுக்க வேண்டிவரும். அந்த வேலைக்குப் பதில் பழைய செல்ஃபைக் கவனமாகப் பயன்படுத்துவதே நல்லது. டைனமோவும் அளவு வேறு: 6 வோல்ட்டுக்கு விட்டம் 90 மி.மீ., 12-க்கு வழக்கமாக 105. தாங்கும் ஸ்டாண்டையும் பட்டையையும் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: வைப்பர் மோட்டாருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் ஒரே ரெசிஸ்டர் போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ரெசிஸ்டர் குறைக்கும் வோல்ட், அதில் ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. வைப்பரைப் போட்டதும் மீட்டர் முள் விழும்.

எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் இருக்கும் என்பதால், 4 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 7 வோல்ட் குறைக்க 1.75 ஓம் வேண்டும். அது 28 வாட் சூடு; 50 வாட் அலுமினிய உடல் ரெசிஸ்டரை இரும்புத் தகட்டில் திருகி, ஒயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் ஒரு குறை உண்டு. மோட்டார் கிளம்பும்போது அதிக ஆம்பியர் கேட்கும், அப்போது ரெசிஸ்டர் கூடுதலாகக் குறைத்துவிடும். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் அசையாமல் நிற்கும். 12 வோல்ட்டை 6 ஆக்கித் தரும் 10 ஆம்பியர் ஸ்டெப்-டவுன் கன்வர்ட்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மீட்டருக்கு, நிலையாக 6 வோல்ட் தரும் 7806 ஐ.சி. ஒன்று, சிறிய ஹீட்சிங்க்கோடு. பாடியில் பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருப்பது) என்றால் 7906.

கேள்வி: 8 வோல்ட் பாட்டரி போட்டால் எதையும் மாற்ற வேண்டாமாமே? (சேலம் வாசகர்)

பதில்: அந்த பாட்டரியே வேண்டாம். 8 வோல்ட் பாட்டரி சார்ஜ் ஏற 9.2 வோல்ட்டாவது வேண்டும். உங்கள் ரெகுலேட்டர் 7.2-ல் நிறுத்திவிடும். அதை ஏற்றி வைத்தால் பல்புகள் வரிசையாகப் போகும்.

கேள்வி: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட விருப்பம். என்ன கவனிக்க வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: வழக்கமான ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் கட்டாயம். மாற்றி இணைத்தால் அந்த நொடியே டையோடு போய்விடும். பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் ஆம்மீட்டரின் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். காயிலை மறந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் சுமையில் திணறும். பிளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருந்தால்தான் குறைந்த வோல்ட்டில் பொறி தாவும்.

டாஷ்போர்டில் உள்ள 30 ஆம்பியர் ஆம்மீட்டர் வழியே 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை ஓட விடாதீர்கள். வெறும் வயிற்று பாட்டரியோடு வண்டி கிளம்பினால் மீட்டரின் பின்புற நட்டு பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு 10 சதுர மி.மீ. ஒயரை நேராக இழுத்து, பாட்டரி அருகே ஃபியூஸ் போடுங்கள். ஆம்மீட்டரை இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றை வையுங்கள். எஞ்சின் ஓடும்போது அது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நிற்க வேண்டும்.