பழைய அலுவலகத்தின் தலையில் குவிமாடம்

மயிலாடுதுறைப் பக்கம் நூறாண்டு தாண்டிய செங்கல், சுண்ணாம்புச் சுவர் அரசு அலுவலகம். நடுக்கூடத்தின் மேல் 6 மீட்டர் விட்டத்தில் கான்கிரீட் குவிமாடம் எழுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கான்கிரீட் வேண்டாம் சார்.

6 மீட்டர் அரைக்கோளத்தின் பரப்பு சுமார் 56 சதுர மீட்டர். 10 செ.மீ. கனம் என்றாலே 14 டன். இப்போதிருக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மர உத்தரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பரப்பிய பழைய பாணிக் கூரை) தேக்கு உத்தரங்கள் மேல் அதை வைக்கவே கூடாது, சுவருக்குத்தான் இறக்க வேண்டும். எடையாவது நேராகக் கீழே போகும். குவிமாடத்தின் அடிப்பகுதி வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும், அதுதான் சுவரைப் பிளக்கும். ரோமின் புனித பேதுரு பேராலயக் குவிமாடமே விரிசல் விட்டு, 1740களில் கூடுதல் இரும்பு வளையங்கள் பூட்டினார்கள். அதனால் எந்தப் பொருளில் செய்தாலும் அடியில் முழுச்சுற்று வளைய உத்தரம் கட்டாயம்.

இரும்புச் சட்டகம், மேலே செம்புத் தகடு என்றால் எடை வெகுவாகக் குறையும். ஆனால் அப்புறம் பிரச்சினை தலைகீழாகும்: புயல் அதைத் தூக்கப் பார்க்கும். 2018 கஜாவை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நங்கூரக் கம்பிகளைச் சுவருக்குள் ஆழமாக இறக்குங்கள். பழைய சுவரில் சிமெண்ட் கலவையைத் திணிக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், அஸ்திவாரத்தை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் குழி வெட்டி ஆழத்தையும் மண்ணையும் பாருங்கள். நம்ம ஊர்க் களிமண் கோடையில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். சுவரில் ஏற்கெனவே சாய்வான விரிசல் இருந்தால், குவிமாடப் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். ஐஐடி மெட்ராஸில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்கென்றே தேசிய மையம் இருக்கிறது, துறை மூலமாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.