ஒன்பது வருஷம் குசினியில் நின்றவருக்கு ஆறு மாதக் கோர்ஸ் எதற்கு?

மூதூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "எனக்கு 31 வயது. சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது, அதோடு படிப்பையும் விட்டுவிட்டேன். ஒன்பது வருஷமாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் குசினிகளில் வேலை. பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது ஒரு ராச்சாப்பாடு முழுவதையும் தனியாக இறக்குவேன். ஆனால் சீசன் முடிந்தால் வீட்டில்தான். பெரிய ஹோட்டல்களில் கேட்டால் சான்றிதழ் இருக்கா என்கிறார்கள். ஒரு தனியார் நிறுவனம் 85,000 ரூபா கட்டினால் ஆறு மாதத்தில் டிப்ளோமா தருவதாகச் சொல்கிறது, சேரலாமா? தங்கச்சியும் உயர்தரம் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். வாப்பா இரவு வேலைக்கு விடமாட்டார். அவளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்."

தம்பி, அந்த 85,000 இப்போதைக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். உங்களுக்குச் சமையல் தெரியும், தெரியும் என்று காட்டும் தாள்தான் கையில் இல்லை. தாள் இல்லை என்பதற்காக ஆறு மாதம் உட்கார்ந்து வெங்காயம் வெட்டப் பழகத் தேவையில்லை. நான் இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் தொழில் வழிகாட்டல் வேலை செய்கிற காலம் முழுக்கப் பார்ப்பது இதைத்தான்: வேலை கிடைக்கவில்லை என்றதும் ஆட்கள் முதலில் தேடுவது கோர்ஸ், தன்னைத் தடுப்பது எது என்று பார்ப்பது அதற்குப் பிறகு, சிலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒருவருக்குத் தடை பஸ், இன்னொருவருக்குப் பிள்ளையை யார் பார்ப்பது என்பது, வேறொருவருக்குப் பிறப்புச் சான்றிதழே இடம்பெயர்வில் தொலைந்து போனது. இவர்களுக்கு எந்தக் கோர்ஸைக் கொடுத்தாலும் தடை அப்படியேதான் இருக்கும்.

சரி, உங்கள் விஷயம். இலங்கையில் தொழில் தகைமைக்கு என்.வி.கியூ என்று ஏழு மட்டங்கள் இருக்கின்றன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். சமையல்காரர் வேலைக்கு ஹோட்டல்காரர் கேட்கிற சான்றிதழ் பெரும்பாலும் 3 அல்லது 4. இதை எடுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது பிழை. ஏற்கெனவே வேலையில் பழகியவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி உண்டு, ஆட்கள் ஆர்.பி.எல் என்பார்கள். நைட்டா என்று நாங்கள் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும், வி.டி.ஏ என்கிற தொழிற்பயிற்சி அதிகார சபையும் இதைச் செய்கின்றன. இதில் ஓ.எல், அதாவது சாதாரண தரக் கணிதத்தை யாரும் கேட்கப்போவதில்லை, கேட்பது அனுபவத்தைத்தான். படித்து எடுத்தவருக்குக் கிடைக்கிற அதே என்.வி.கியூ தான் உங்களுக்கும் கிடைக்கும், தரத்தில் ஒரு குறைவும் இல்லை.

நடைமுறை என்னவென்றால், விண்ணப்பம் கொடுத்ததும் ஒரு மதிப்பீட்டாளர் முதலில் உங்களோடு பேசிப் பார்ப்பார். சமையல்காரர் தொழிலுக்கு என்று ஒரு தேசிய தேர்ச்சி நியமம், அதாவது என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற பட்டியல், இருக்கிறது, அது பல அலகுகளாகப் பிரிந்திருக்கும். எந்த அலகில் நீங்கள் தயார், எதில் ஓட்டை என்று அவர் பார்த்துச் சொல்வார். ஓட்டை இருந்தால் அதற்கு மட்டும் பயிற்சி எடுக்கலாம். அப்புறம் இறுதி மதிப்பீடு. குசினியில் நிற்கவைத்துச் செய்யச் சொல்வார்கள், செய்யும்போதே ஏன் இப்படி என்று வாயால் கேட்பார்கள். புள்ளி, முதலாம் பிள்ளை இரண்டாம் பிள்ளை எல்லாம் கிடையாது. தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான். ஒரு அலகில் தவறினால் அதைத் திரும்பச் செய்யலாம்.

அனுபவசாலிகள் சறுக்குகிற இடம் அந்த 'ஏன்'தான். கை வேலை அருமையாக இருக்கும், வாய் திறக்காது. சமைத்த கோழியை ஏன் மேசையில் விட்டுவைக்கக் கூடாது என்று கேட்டால், கெட்டுப்போகும் என்று மட்டும் சொல்லிப் போதாது. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும், அதனால் குளிராகவோ சூடாகவோ அந்த எல்லைக்கு வெளியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். பச்சை இறைச்சிக்கும் சலாதுக்கும் தனித்தனிப் பலகை ஏன், குளிர்சாதனப் பெட்டியில் பச்சை இறைச்சியை ஏன் கீழ்த்தட்டில் வைப்பது, இதெல்லாம் நீங்கள் தினமும் செய்வதுதான், சொல்லிப் பழகுங்கள். இன்னொன்று அளவு. கைக்கணக்கில் உப்புப் போடுகிறவர்களுக்கு ஒரு சமையல் குறிப்பைக் கிராம் கணக்கில் எழுதி, பத்துப் பேருக்கானதை நாற்பது பேருக்கு மாற்றி, ஒரு தட்டுக்கு என்ன செலவு என்று போட்டுக் காட்டச் சொன்னால் வியர்த்துவிடும். கணிதம் போனவர் என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆகவே இதைத்தான் முதலில் பிடியுங்கள். பெருக்கலும் வகுத்தலும்தான், தங்கச்சி பக்கத்தில் இருந்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை.

அனுபவத்துக்கு ஆதாரம் வேண்டும். சின்ன விருந்தினர் விடுதிகளில் சம்பளம் கையில்தான் வரும், கடிதம் என்று கேட்டால் முதலாளி முகத்தைப் பார்ப்பார், தெரியும். வேலை செய்த இடங்களில் கிடைக்கிற கடிதங்களை வாங்குங்கள். விடுதி மூடிவிட்டதென்றால் அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்தவர் எழுதித் தரட்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குசினியில் நின்று எடுத்த படங்கள், நீங்கள் போட்ட மெனு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். எல்லாவற்றையும் விட வலுவானது ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிப் பதிவு. எந்த முதலாளியாவது ஒரு வருஷம் கட்டியிருந்தாலும் அது அரச பதிவு, அதை யாரும் மறுக்க முடியாது.

ஈ.பி.எஃப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். சீசன் ஆள், தற்காலிகம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், அடுத்த சீசனில் அதே முதலாளியிடம் போக வேண்டியிருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

எங்கே போவது? நேரே திருகோணமலை டவுனுக்கு ஓடாதீர்கள். மூதூர் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். சமுர்த்தி, காணி என்று பிரதேச செயலகத்துக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒருவர் அங்கே இருப்பதே தெரியாது. எந்த நிறுவனத்தில் எந்தப் பயிற்சி எப்போது தொடங்குகிறது, யார் ஆள் தேடுகிறார்கள் என்பது அவரிடம் வரும், நைட்டாவிலும் வி.டி.ஏயிலும் யாரைப் பிடிப்பது என்றும் சொல்வார். அவர் களத்துக்குப் போகாத நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வெளிநாட்டு உதவித் திட்டங்களும் எங்கள் பக்கம் வந்துபோகின்றன. அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களில் சுற்றுலாத்துறையை மையமாக வைத்து ஒன்று நடந்தது, பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வேலைக்குள் கொண்டுவருவதில் அது தனிக் கவனம் வைத்தது. அப்படி ஏதாவது இருக்கும்போது பயன்படுத்துங்கள். ஆனால் திட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், திட்டம் போய்விடும், பிரதேச செயலகம் அங்கேயே இருக்கும்.

இனி சீசன். கிழக்குக் கரைக்குச் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை ஆள் வரும், பிறகு வடகீழ்ப் பருவமழை. தெற்கிலும் மேற்கிலும் இது தலைகீழ், பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் கார்த்திகையிலிருந்து பங்குனி, சித்திரை வரைதான் கூட்டம். ஆகவே சான்றிதழ் உள்ள ஒரு சமையல்காரர் வருஷம் முழுக்க வேலை செய்ய முடியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே உங்களைத் தடுப்பது சிங்களம். குசினிச் சிங்களம் ஒன்பது வருஷத்தில் கொஞ்சமாவது வந்திருக்கும், அதைக் கூச்சப்படாமல் பேசிப் பழகுங்கள், ஓடர் எடுக்கிற அளவுக்கு ஆங்கிலமும் வேண்டும். வீட்டை விட்டு ஆறு மாதம் இருக்க முடியாது என்றால் அதுவும் நியாயம்தான், அப்போது பேக்கரிப் பக்கம் யோசியுங்கள். பாண், பணிஸுக்குச் சீசன் இல்லை, வெதுப்பாளர் தொழிலுக்கும் என்.வி.கியூ இருக்கிறது. எதுவானாலும் ஆர்.பி.எல் விண்ணப்பத்தை இந்த மழைக்காலத்திலேயே கொடுங்கள். சீசன் நடுவில் மதிப்பீட்டுக்கு லீவு தருகிற முதலாளியை நான் இன்னும் காணவில்லை.

தங்கச்சியின் கதை வேறு, அவருக்கு அனுபவம் இல்லை, ஆகவே பயிற்சி வேண்டும். இலங்கையில் வேலை செய்கிற வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார், ஆகவே இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. வாப்பா இரவு வேலைக்கு விடமாட்டார் என்கிறீர்கள். இரவு என்றால் எத்தனை மணி, அவருக்குப் பயம் வேலையிடத்திலா வழியிலா என்று கேட்டீர்களா? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, அதற்குப் பிறகு மற்றப் பாலங்களும் வந்ததில், வள்ளம் பிடித்து டவுனுக்குப் போன காலம் போய்விட்டது, ஆனால் பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மூதூருக்கு வருவது இன்றைக்கும் தலைவலிதான். பயம் வழியில் என்றால், பகல் ஷிப்ட் மட்டும் உள்ள வேலையா, வீட்டு வாசல் வரை வாகனம் விடுகிறார்களா என்பதை முதலிலேயே கேட்டு, முடிந்தால் வாப்பாவையே கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டுங்கள். என் அனுபவத்தில் நூறு விளக்கத்தை விட அது வேலை செய்யும்.

தங்கச்சி உயர்தரம் முடித்தவர் என்பதால் கதவுகள் அதிகம். திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, உயர் தேசிய டிப்ளோமாவுக்கு உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமும் இருக்கிறது. தினமும் டவுனுக்குப் போய்வருவது சரிவராவிட்டால் நைட்டாவின் தொழில் பழகுநர் முறையைக் கேளுங்கள். அதில் வகுப்பறை குறைவு, ஒரு வேலையிடத்திலேயே இருந்து பழகிக் கடைசியில் மதிப்பீடு. மூதூருக்குள்ளேயே ஓர் இடம் பொருந்தினால் பஸ் பிரச்சினையே இல்லை. பயிற்சிக் கட்டணம் உண்டா, வரவுக்குக் கொடுப்பனவு உண்டா, பஸ் சீசன் டிக்கெட் எடுக்கலாமா, நிறுவனத்துக்குள் எத்தனை மாதம், வேலையிடப் பயிற்சி எத்தனை மாதம், அந்த வேலையிடத்தைத் தேடித் தருவது அவர்களா நாங்களா, இதையெல்லாம் சேருவதற்கு முன் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்காததால்தான் நிறையப் பேர் பாதியில் விட்டுப்போகிறார்கள், வேலையிடம் கிடைக்காமல் மதிப்பீட்டுக்கே போகாதவர்கள் உண்டு. வேலை கிடைத்தபின் சம்பளம் பேசும்போது, தனியார் துறைக்குச் சட்டப்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் உண்டு என்பதை அவர் தெரிந்திருக்கட்டும். 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000.

இப்போது அந்த 85,000. தனியார் பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அவர்களும் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் காசு கட்டுவது. ஆனால் நிறுவனப் பதிவு வேறு, அந்தப் பயிற்சி நெறிக்கான தர அங்கீகாரம் வேறு. அங்கீகாரம் இல்லாத நெறியைப் படித்தால் கிடைப்பது அவர்களுடைய சொந்தத் தாள், என்.வி.கியூ இல்லை. அதோடு, டிப்ளோமா என்று அவர்கள் சொல்வது மட்டம் 5க்கு உரியது, ஓ.எல் முழுமையில்லாதவருக்கு ஆறு மாதத்தில் எப்படி அதைத் தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரையும் நெறியின் பெயரையும் தனித்தனியாகத் தேடலாம், கைபேசியில் முடியாவிட்டால் அதே மனிதவள உத்தியோகத்தரிடம் சொன்னால் பார்த்துத் தருவார். இரண்டும் சரியாக இருந்தாலும் உங்களுக்கு அது தேவையில்லை என்பதுதான் என் கருத்து. தங்கச்சிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் அரச நிறுவனங்களில் இடம் இல்லை என்று தெரிந்த பிறகு, முழுக்காசையும் ஒரேயடியாகக் கட்டாமல், ரசீதோடு.